சொந்த வீடு உள்ளவர்

வீட்டைக் காலி செய்யச் சொல்லும்போது மட்டும் வீட்டுக்காரர்களுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பணிவு வருமோ தெரியவில்லை. பதினோரு வருஷமாகக் குழாய்க்கு ஒரு வாஷர் மாற்றித் தராத மனிதர், அன்றைக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என் கணவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது, மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்றெல்லாம் விசாரித்தார். பழத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“ஆச்சி, மகன் சிங்கப்பூருலேர்ந்து வந்துட்டான். இந்த வீட்டை டூரிஸ்டுக தங்குற மாதிரி மாத்தணுங்கிறான். நீங்க ஒரு மூணு மாசத்துல வேற எடம் பாத்துக்கிட்டீகன்னா நல்லாயிருக்கும்” என்றார்.

அது ஒன்றும் பழைய வீடு இல்லை. மொசைக் தரையும் இரும்பு ஜன்னலும் போட்டு, எனக்குக் கல்யாணமான பிறகு கட்டிய வீடு. அந்தத் தரையைப் பெயர்த்துவிட்டு ஆத்தங்குடிக் கல் பதித்து, வாசலில் ஒரு பித்தளை அண்டாவை வைத்துப் பாரம்பரிய வீடாக ஆக்கப்போகிறார்களாம். காரைக்குடியில் இப்போது எல்லாருக்கும் இந்தப் பித்துதான். குடியிருக்க வருகிறவனுக்கு வீடு இல்லை, வேடிக்கை பார்க்க வருகிறவனுக்குத் தெருவுக்கு நாலு வீடு இருக்கிறது.

எனக்கு வேண்டியது பெரிய மாளிகை இல்லை. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வலது கையும் வலது காலும் அவர் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லாக, யோசித்து யோசித்து வரும். அவர் படியேற முடியாது. தரையோடு இருக்கும் கக்கூஸில் குந்த முடியாது. ஆக, தரைத்தளத்தில் ஒரு வீடு, அதில் உட்கார்ந்து எழுந்திருக்கிற மாதிரி ஒரு கக்கூஸ், தனியார் பள்ளிக்கூட ஆபீஸில் எழுதிப் பிழைக்கும் எனக்குக் கட்டுப்படியாகிற வாடகை. இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்க வேண்டும், மூன்று மாசத்துக்குள் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

அதற்கு இந்த ஊர் எனக்குக் காட்டிய வீடுகளை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. தரைத்தளம் என்று புரோக்கர் சொன்ன வீட்டுக்கு ஒன்பது படி இருந்தது. கேட்டால், “அது படியில்ல ஆச்சி, மேடு” என்றார். இன்னொரு வீட்டில் கக்கூஸ் கொல்லைக் கடைசியில், இரண்டு வாழை மரங்களைத் தாண்டி இருந்தது. வீட்டுக்கார அம்மாள் அதைப் பெருமையாகவே காட்டினாள், நல்ல காற்றோட்டமாம்.

எல்லாம் பொருந்திவந்த வீடு ஒன்றே ஒன்றுதான். ரயில் நிலையத்துப் பக்கம், ஒரே ஒரு படி, உள்ளேயே எல்லா வசதியும். அந்த வீட்டுக்கார அம்மாள் காபியெல்லாம் கொடுத்து, முன்பணம் எவ்வளவு என்று பேசிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

“அவுகளுக்கு எப்படி இருக்கு ஆச்சி? தப்பா நெனைக்காதீக. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகி, கெட்ட நட்சத்திரத்துல போயிட்டாகன்னா வீட்டை ஆறு மாசம் அடைச்சுல்ல வைக்கணும்? யாரும் குடி வர மாட்டாக.”

“நல்ல நட்சத்திரமாப் பாத்துப் போகச் சொல்றேன்” என்றேன்.

நான் கோபத்தில் சொன்னது அவளுக்கு உறைக்கவே இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “எதுக்கும் எங்க வீட்டுலயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்” என்றாள். சொன்னாள், மறுநாளே. வீடு வேறு ஆளுக்குப் பேசியாகிவிட்டதாம். உயிரோடு இருக்கிற மனிதரின் சாவுக்கு நாள் பார்த்துவிட்டு வீடு தர மறுத்த அந்தப் புண்ணியவதி, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். எதிரே பார்த்தால் இப்போதும் சிரிக்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிற ஒருத்திதான் அரசாங்க வீட்டைப் பற்றிச் சொன்னாள். ஊருக்கு வெளியே அடுக்குமாடியாகக் கட்டி, வசதியில்லாதவர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடுகிறார்கள். தரைத்தளத்தில் சில வீடுகள் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே இருக்கின்றன. போய்ப் பார்த்தேன். தீப்பெட்டி வீடுதான், ஆனால் வாசலில் படி இல்லை. கக்கூஸ் அவருக்குத் தோதாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பொட்டல். எனக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது.

விண்ணப்பம், வருமானச் சான்று, ஆஸ்பத்திரிச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம் என்று எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘எனக்கோ என் குடும்பத்தாருக்கோ சொந்த வீடு இல்லை’ என்று ஒரு உறுதிமொழி. அதையும் எழுதி, அவர் இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தேன். நேரில் விசாரிக்க ஆள் வருவார், அதற்குப் பிறகு உத்தரவு என்றார்கள்.

விசாரிக்க வந்த ஆள், நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் என் கணவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பித்தான்களை ஒற்றைக் கையால் அவரே மாட்டியிருந்தார், ஒன்று மாறி ஒன்று. முகத்தில் ரொம்ப நாளாகக் காணாத தெளிச்சி.

“யாரு வந்தாக?”

“ஆபீசர்.”

“என்ன கேட்டாக?”

“வீடு… இருக்கான்னு.”

“நீங்க என்ன சொன்னீக?”

“இருக்குன்னேன்” என்றார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, “எண்பது ரூம்” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த பையை அப்படியே கீழே போட்டேன். பாவி மனுஷன், பல் துலக்கப் பேஸ்டு கேட்பதற்கே அரை நிமிஷம் திணறுகிறவர், இதை மட்டும் பிசகாமல் சொல்லியிருக்கிறார். நேமத்தான்பட்டி என்று ஊர்ப் பேரையும், பர்மாத் தேக்கு என்று தூணின் மரத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஆட்களின் புத்தி அது. பழைய வட்டிக்கடைக் குடும்பங்கள். அடுப்பில் பூனை தூங்குகிறதா என்று கேட்டால்கூட ஆமாம் என்று ஒப்புக்கொள்வார்கள். வீடு இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் இல்லை என்ற சொல் தொண்டையை விட்டு வராது. அந்தப் பூர்வீக வீட்டில் எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு அறை. கொள்ளுத் தாத்தா காலத்தில் கட்டியது, இப்போது இருபத்தாறு பங்காளிகள். நடு வாசலைச் சுற்றி இருக்கும் வளவில், கல்யாணமான ஆண் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு அறை ஒதுக்கி, தனி அடுப்பு போட்டுத் தனிக்குடித்தனமாக வேறு வைப்பார்கள். ஒரு கூரைக்குக் கீழே இத்தனை குடும்பம் தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதற்காகவே கட்டிய வீடு. இப்போது அதில் ஒரு அடுப்புகூட எரிவதில்லை. எல்லாரும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள், முன்னோருக்குப் படையல் போடும் படைப்பன்றைக்குக் காரில் வந்து, தலையில் உறுமாலும் தோளில் அங்கவஸ்திரமுமாகப் படம் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் போய்விடுவார்கள். எங்கள் அறையில் பழைய சாமான்களைப் போட்டுப் பூட்டியிருந்தோம். அவர் விழுந்த பிறகு நாங்கள் அந்தப் பக்கம் போகவே இல்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் சொந்த வீடு உள்ளவர் என்பது விசாரணையில் தெரியவந்ததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. நேமத்தான்பட்டி வீட்டின் கதவு எண்ணையும் சரியாகப் போட்டிருந்தார்கள். நான் ஆபீஸுக்கு ஓடினேன்.

“இல்லாதவுகளுக்குக் குடுக்குற வீட்டுக்கு எண்பது ரூம் வச்சிருக்கவுக வந்து நிக்கலாமாம்மா?” என்றார் அங்கே இருந்தவர்.

பங்கு, பூட்டு, பங்காளி எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, “அப்ப அந்தப் பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிஞ்சு கொண்டாங்க. கீழ ரெண்டு வீடு இன்னும் ஆளில்லாமத்தான் இருக்கு. நான் மறுபடி எழுதி அனுப்புறேன்” என்றார். அந்த மூன்று மாசத்தில் எனக்கு உபயோகமாக ஒரு வார்த்தை சொன்னவர் அவர் ஒருவர்தான். அதற்காக அவரைக் கும்பிட வேண்டும்.

பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்வது என் கணவரின் சித்தப்பா மகன். சென்னையில் தொழில், இங்கே சாவிக்கொத்து. அவருக்குப் போன் போட்டேன். எழுதிக் கொடுப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், எதற்கும் கேட்டுப் பார்ப்போமே என்று, எங்கள் அறையிலேயே நாங்கள் வந்து இருந்துகொள்ளலாமா என்று கேட்டேன்.

“அந்த ரூம்லயா ஆச்சி? மச்சு ஒழுகுதே. வவ்வா அடையுது. அண்ணன அங்க கொண்டாந்து வச்சீகன்னா நோயி இன்னுமில்ல கூடிப்போகும்? அதுவும் போக, அடுப்புப் பத்த வச்சா செவரெல்லாம் கரியாகுமேன்னு பங்காளிக ஒத்துக்கிற மாட்டாக.”

சரி என்று விடுதலைப் பத்திரத்தைச் சொன்னேன். அதற்கு மட்டும் போனுக்குள்ளேயே ஆள் எழுந்து நின்றுவிட்டார்போல. “நல்ல முடிவு ஆச்சி. அடுத்த மாசம் படைப்புக்கு எல்லாரும் வாராக. பத்திரத்தை நானே எழுதி வச்சிர்றேன். அன்னிக்குக் கையெழுத்து, திங்கக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசு. நீங்க ஒண்ணுக்கும் அலைய வேணாம்.”

வெளிக்கதவுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று ஏழு வருஷமாக இவர்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. எங்களை வெளியே அனுப்புவதற்கு ஏழு நிமிஷம்கூட ஆகவில்லை. வாட்ஸ்அப்பில் இருபத்தைந்து பேரும் கைகூப்பும் பொம்மையை வரிசையாகப் போட்டார்கள். நாங்கள் வீட்டுக்குச் செய்த பெரிய தியாகமாம் அது.

என் கணவரிடம் சொன்னேன். இரண்டு வேளை சாப்பாட்டையும் அப்படியே வைத்துவிட்டார். நானும் விடவில்லை. “எண்பது ரூம் இருக்குன்னு சொன்னீகளே, அதுல எந்த ரூம்ல போயிப் படுக்கப்போறீக? காட்டுங்க, வாரேன்” என்று கத்தினேன். சீக்காளியிடம் கத்தலாமா என்றால், கத்தக் கூடாதுதான். எனக்கும் அந்த வீட்டில்தான் தாலி கட்டினார்கள். எழுதிக் கொடுக்க எனக்கு மட்டும் இனித்ததா என்ன? மறுநாள் காலையில் அவராகவே “சரி” என்றார்.

படைப்பன்றைக்கு ஒரு வாடகைக் கார் பிடித்துப் போனோம். வாசல் முழுக்கக் கார்கள். முகப்பில் ஆங்கிலத்தில் ஒரு பலகை தொங்கியது. சினிமாப் படப்பிடிப்புக்கு விடுகிறார்கள் என்று தெரியும், வெள்ளைக்காரர்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு போடுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். எல்லாரும் வந்து அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். “இப்பத் தேவலையே, மொகம் நல்லாத் தெளிஞ்சிருக்கே” என்றார்கள். ஒருவராவது எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவேனே.

படையல் முடிந்து சாப்பாடும் ஆனது. முகப்பில் மேஜையைப் போட்டு, பத்திரத்தை விரித்து, மை ஒற்றும் டப்பாவைத் திறந்து வைத்தார் சித்தப்பா மகன். சாட்சிகள் பேனாவோடு தயாராக நின்றார்கள். நான் அவர் இடது கையைப் பிடித்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“ரூமப்… பாக்கணும்.”

“அதுல என்னண்ணே இருக்கு பாக்க? ஒரே குப்பை. பாம்பு கீம்பு கெடக்கும்.”

“பாக்கணும்” என்றார் மறுபடியும்.

சித்தப்பா மகன் தலையைச் சொறிந்தார். சாவி எங்கே இருக்கிறதோ என்றார், பூட்டு துருப்பிடித்திருக்கும் என்றார். இலை எடுத்துக்கொண்டிருந்த அந்த வீட்டு வேலைக்காரம்மா, பாவம், உதவி செய்கிற நினைப்பில் நிமிர்ந்தாள்.

“எந்த ரூமு, நாலாம் நம்பரா? அதுலயா பாம்பு? நேத்துத்தான மெத்தை விரிப்பெல்லாம் மாத்துனேன். தொறந்துதான் கெடக்கு, போயிப் பாருங்க.”

நான் அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு வளவுக்குள் போனேன். எங்கள் அறையின் கதவில் பித்தளையில் நாலு என்று ஒரு எண் அடித்திருந்தது. அந்த நிலைப்படி முழங்கால் உயரம் இருக்கும், புதுப் பெண்ணாக நான் தடுக்கி விழுந்த நிலை. அதன் மேல் மரத்தால் ஒரு சரிவுப் பாதை போட்டு, பக்கவாட்டில் கைப்பிடி வைத்திருந்தார்கள். அவர் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு, என் தோளை விட்டுவிட்டு, மெதுவாக ஏறி இறங்கினார்.

உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வவ்வாலும் இல்லை, ஒழுகலும் இல்லை. எங்கள் சாமான்களையும் காணோம். என் மாமியாரின் இட்லிக் கொப்பரையில் மட்டும் பூ மிதக்க விட்டு மூலையில் வைத்திருந்தார்கள். பெரிய கட்டில், கைக்கெட்டுகிற உயரத்தில் விளக்கு. சாமான் அறையாக இருந்த உள்ளறையைக் கக்கூஸாக்கி, வெள்ளைப் பீங்கான் வைத்து, அதன் இரண்டு பக்கமும் எஃகுக் கம்பி பதித்திருந்தார்கள். வழுக்காத தரை. அகலமான கதவு.

பின்னாலேயே வந்த சித்தப்பா மகன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “வெளிநாட்டுலேர்ந்து வாரவுக எல்லாம் வயசானவுக ஆச்சி. முட்டி வலி, இடுப்பு வலின்னு இருக்காக. கம்பி வச்ச ரூம் ஒண்ணாவது வேணுமாம். இது சும்மா பூட்டித்தான கெடந்துச்சு? வர்ற காசும் வீட்டு மராமத்துக்குத்தான் போகுது.”

முட்டி வலிக்கிற வெள்ளைக்காரனுக்கு எங்கள் அறையில் சரிவுப் பாதை. காலே விளங்காத வீட்டுக்காரருக்கு வவ்வாலும் பாம்பும். நான் தெருத்தெருவாக அலைந்த அந்த மூன்று மாசமும் இந்தக் கட்டிலில் யார் யாரோ படுத்து எழுந்து போயிருக்கிறார்கள். பையில் இருந்த நிராகரிப்புக் கடிதத்தை எடுத்து, வளவில் வந்து கூடிவிட்ட பங்காளிகள் எல்லார் காதிலும் விழும்படி வாசித்தேன். ‘சொந்த வீடு உள்ளவர்’ என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

“எனக்குச் சொந்த வீடு இருக்குன்னு அரசாங்கம் அப்பவே கண்டுபிடிச்சிருச்சு. நாந்தான் நம்பாம இருந்துட்டேன்” என்றேன்.

அதற்குள் அவர் சுவரைப் பிடித்தபடி அந்த உள்ளறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். பழக்கத்தில் நானும் பின்னாலேயே போனேன். வாசலில் திரும்பி, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி, இன்னொரு அடி. கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

இரண்டு வருஷமாக அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதில்லை. நான் பிடித்துக்கொள்ளாவிட்டால் விழுந்துவிடுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பேன், அவர் கண்ணை மூடிக்கொள்வார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை. அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தில் எனக்கு அடக்க மாட்டாமல் அழுகை வந்தது. இந்தக் கூட்டத்துக்கு முன்னால் அழுவேனா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.

சித்தப்பா மகன் பத்திரத்தைச் சுருட்டிக் கையில் வைத்தபடி நின்றார். “ஆச்சி, வெள்ளிக்கிழமை இந்த ரூமுக்கு ஆள் வாராக. அட்வான்ஸ் வாங்கியாச்சு” என்றார்.

“வேற எடம் பாத்துக்கிறச் சொல்லுங்க தம்பி.”

“அண்ணன் வெளிய வரட்டும், அவுககிட்டயே பேசிக்கிறேன்.”

“அவுக வர நேரமாகும்” என்றேன். “கதவைத் தட்டாதீக.”